குற்றம் படிக்கப் போகிற பிள்ளை

தி.நகரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு ஒரு அம்மா வந்தார். அடையாற்றுக் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கி வீசப்பட்ட குடும்பம். வீட்டு வேலை இன்னமும் மயிலாப்பூரில்தான், அதனால் பாஸ்புக்கும் இங்கேயே கிடக்கிறது. மகனுக்குக் கல்விக் கடன் வேண்டுமாம். என்ன படிப்பு என்று கேட்டேன். "பி.ஏ. கிரிமினாலஜியாம் சார். இத்தப் படிச்சா போலீசு ஆவானா, இல்ல போலீசு புடிச்சா வெளிய வர்றதுக்கா, ஒண்ணும் புரியல" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்கள் நகர்ந்ததும் பக்கத்து சீட்காரர் சொன்னார்: "பெரும்பாக்கத்துப் பையனுக்குக் குற்றத்தப் பத்திப் படிக்கக் கடன் வேறயா?" நாலு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. மாதச் சம்பளம் கற்றுக்கொடுத்த மௌனம் அது. அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சிரிப்பு நேற்று வந்ததல்ல தோழர்களே. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடிகள் சட்டம் போட்டான். 1911இல் அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். குறவர், பிரமலைக் கள்ளர் என்று பிறப்பை வைத்தே ஆட்களைப் பதிவு செய்தான், ரேகை உருட்டினான். எதிர்த்து நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டான். சட்டம் வந்த ஐந்தாம் வருடம், 1876இல், இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் மண்டையோட்டை அளந்து பார்த்து, பிறவியிலேயே குற்றவாளிகள் உண்டு என்று புத்தகம் எழுதினார். குற்றவியல் சேரும் மாணவன் முதல் வருடமே இவரைப் படிக்கிறான். தவறான கொள்கை என்று சொல்லித்தான் நடத்துகிறார்கள், சரி. இத்தாலிக்காரன் அளந்தது பாடமாகிறது. இங்கே சாதி அளந்து வைத்திருப்பது எத்தனை பக்கம் வருகிறது?

பிறவிக் குற்றவாளி உண்டென்றால் பிறவி நிரபராதியும் உண்டு. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்து செத்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. அவ்வளவு பெரிய பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். இதுவும் ஒரு லொம்ப்ரோசோதான், மண்டையோட்டுக்குப் பதில் பட்டாவை அளந்தது.

திருநெல்வேலிக்குப் போவோம். அங்கே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. அதே ஊர்ப் பக்கம் பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதி பார்த்துத் தனித்தனி பிளாக்கில் அடைத்து வைத்தார்கள். 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் இந்த மாதிரிப் பாகுபாடுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் சுகன்யா சாந்தா, ஒரு பத்திரிகையாளர். ஒரு குற்றவியல் துறை போட்டிருக்க வேண்டிய வழக்கு அது.

நம் பிள்ளைகள் படிக்கணும் என்றால் டாக்டர், என்ஜினீயர், அப்புறம் வக்கீல் என்கிறோம். வக்கீல் வேண்டும்தான். ஆனால் வக்கீல் வருவதற்கு முன்னாலேயே ஸ்டேஷனில் முக்கால் வழக்கு முடிந்துவிடுகிறது. யாரை ரவுடிப் பட்டியலில் சேர்ப்பது, எந்தப் பிரிவைப் போடுவது, எதை எழுதாமல் விடுவது எல்லாம் அங்கே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம் கூட்டங்களிலேயே எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்?

இன்னொன்று. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 100க்கு 75 பேர் விசாரணைக் கைதிகள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதல் தடவை சிக்கியவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. தூக்கு, ஆயுள் வழக்குகளுக்குக் கிடையாது. ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தாலும் கிடையாது. சேரிப் பையன் மேல் இரண்டாவது வழக்கு ஏன் விழுகிறது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்து எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கே?

படிப்பைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டில் வாதாட முடியாது. சப் இன்ஸ்பெக்டர் தேர்வை எந்த டிகிரிக்காரனும் எழுதலாம். தடயவியல் கூடத்துக்கு சயன்ஸ் படித்திருக்க வேண்டும். மேலே முதுகலை, சட்டம் என்று போனால்தான் பிடிப்பு. பசித்த வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

மறுநாள் பையன் மட்டும் படிவத்தோடு வந்தான். படிப்பு முடிந்ததும் எதிர்பார்க்கும் சம்பளம் என்ற இடம் காலியாக இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் சம்பளத்தை எழுதுப்பா என்றேன்.

"போலீசுக்குப் போறதில்லண்ணா. எங்க மாமா ரெண்டு வருசமா புழல்ல இருக்காரு, இன்னும் கேசே ஆரம்பிக்கல. உள்ள இருக்கறவங்களுக்கு வேல பாக்கற உத்தியோகம் என்னா சம்பளம்னு தெரிஞ்சா சொல்லுங்க, அத எழுதிக்கறேன்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். படிவத்தை டிராயரில் வைத்திருக்கிறேன்.