லேடீஸ் வண்டி என்று ஒரு வண்டி இல்லை

பொறியியலில் ‘பெண்’ என்று ஓர் அலகு கிடையாது. மில்லிமீட்டர் உண்டு, கிலோகிராம் உண்டு, நியூட்டன்-மீட்டர் உண்டு. நாலு வருடம் இன்ஜினியரிங் படித்ததில், ஒரு சட்டத்தின் மேல் விழும் சுமை ஆணுடையதா பெண்ணுடையதா என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. ஆனால் டூ-வீலர் ஷோரூமுக்குள் போனால் ‘லேடீஸ் வண்டி’ என்று ஒன்று நிற்கிறது. எந்த உயரத்துக்கு, எந்தச் சுமைக்கு என்று கேட்டால் பதில் வராது. என்ன கலர் வேணும் என்று திருப்பிக் கேட்பார்கள்.

சென்ற வருடம் தி. நகரில் அக்காவுக்கு வண்டி பார்க்கப் போனோம். அக்காவின் உயரம் ஐந்தடி. வீடு மந்தைவெளியில், பிள்ளைகளின் பள்ளி சாந்தோமில், வேலை அடையாறில். விற்பனையாளர் அக்காவை விட்டுவிட்டு என்னிடம், “மேடத்துக்கு லைட்டா ஒண்ணு காட்டட்டுமா சார்?” என்றார். அக்கா கேட்டது வேறு: “முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தி, ரெண்டு ஸ்கூல் பேக். மழையில லஸ்ல சிக்னல்ல நின்னா ரெண்டு காலும் தரையில ஊணுமா?” “பிங்க்லயும் வருது மேடம்.”

இனி எண்களுக்கு வருவோம். பெண்கள் வண்டி என்றாலே நம் ஊரில் ஸ்கூட்டிதான். டிவிஎஸ் அதை 1994-இல் கொண்டுவந்தது. 2003-இல் பெப் வந்தது. பிறகு பெப் பிளஸ், தொண்ணூற்றொன்பது நிறங்களில். பெப் பிளஸ்ஸின் இருக்கை உயரம் 768 மி.மீ. எல்லோரும் ஓட்டும் ஆக்டிவா 6ஜி-யின் இருக்கை உயரம் 765 மி.மீ. பெண்களுக்கான வண்டி 3 மி.மீ. அதிக உயரம்! இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ., ஆணுடையது சுமார் 165 செ.மீ. அந்த 13 செ.மீ. வித்தியாசம் இருக்கை உயரத்தில் எங்கே தெரிகிறது?

குறைந்தது வேறு இடங்களில். இன்ஜின் 109.5 சிசி-க்குப் பதில் 87.8 சிசி. ஆக்டிவா 6ஜி-க்கு முன்சக்கரம் 12 அங்குலம். பெப் பிளஸ்ஸுக்கு இரண்டு சக்கரமும் 10 அங்குலம். எடையும் பத்துப் பதினைந்து கிலோ குறைவு. எடை குறைந்தது நிஜமான உதவி, மறுக்கவில்லை. நெருக்கடியான பார்க்கிங்கில் வண்டியைத் திருப்பி எடுப்பவருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். ஆனால் சக்கரம்? சின்னச் சக்கரம் அதே பள்ளத்தில் இன்னும் ஆழமாக இறங்கும், விளிம்பில் இன்னும் செங்குத்தாக மோதும். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட கச்சேரி ரோட்டில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பெண்கள் தனியாக, பக்கத்துத் தெருவரைக்கும், நல்ல ரோட்டில் போவார்கள் என்று யாரோ ஒருவர் முடிவுசெய்திருக்கிறார். அவர் காலை எட்டரை மணிக்குச் சாந்தோமில் நின்று பார்த்ததில்லை. ஒரு வீட்டில் அதிகச் சுமை ஏற்றும் வண்டி பெரும்பாலும் அம்மாவின் வண்டிதான்: இரண்டு பிள்ளைகள், தெற்கு மாட வீதிக் காய்கறிப் பை, சமயத்தில் தண்ணீர் கேன்.

சட்டமும் அப்படித்தான் யோசித்தது. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் உட்கார்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமலிருக்க, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. நாம் ‘சாரி கார்டு’ என்று சொல்வது அதைத்தான். பல உயிர்களைக் காப்பாற்றும் நல்ல விதி. ஆனால் அந்த விதியின் மனக்கண்ணில் புடவை எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். பின்னால்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு, ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்டவைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பி. சாய்நாத் இதை எழுதும்போது இன்னொன்றையும் குறிப்பிடுகிறார்: சிலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள், ஏனென்றால் அதன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். பெண்ணின் உடைக்காக என்று சொல்லி எந்தக் கம்பியை எடுத்தார்களோ, அந்தக் கம்பிதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதை எடுத்தால் சட்டகத்தின் முக்கோண உறுதியும் போகிறது. ஈடுகட்ட வேறிடத்தில் இரும்பு கூட்ட வேண்டும். உடையைப் பற்றி யோசித்தவர்கள் சுமையைப் பற்றி யோசிக்கவில்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். பனியே விழாத மயிலாப்பூரில் இருந்துகொண்டு பனிச்சறுக்குப் பலகையைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் உதாரணம் கச்சிதம். அந்தப் பலகை மேலும் கீழும் கண்ணாடியிழையோ உலோகத் தகடோ ஒட்டிய மரம். ஒரு சட்டத்தின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கேற்ப மாறும். பத்து சதவீதம் மெலிந்தால் விறைப்பில் கால்பங்குக்கு மேல் போய்விடும். பல வருடங்களாகப் ‘பெண்கள் மாடல்’ என்று விற்றது பெரும்பாலும் ஆண்கள் மாடலின் அதே அச்சுதான். உள்மரத்தை மெலிதாக்கி, தகட்டை எடுத்துவிட்டு, மேலே பூப்போட்டார்கள். எடை குறைந்தவருக்கு மெலிந்த பலகை சரிதான். ஆனால் கரடுமுரடான சரிவில் வேகமாக இறங்கும் திறமைசாலிப் பெண்ணுக்கு அது காலடியில் உதறும். ஐம்பத்தைந்து கிலோ ஆணுக்கோ, அவருக்குப் பொருந்தும் பலகை பெண்கள் அலமாரியில் இருக்கும். பிற்பாடு சில கம்பெனிகள் ஒவ்வொரு நீளத்துக்கும் உள்மரத்தைத் தனியாக வடிவமைக்கத் தொடங்கின. அதுதான் சரியான விடை. பலகைக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டுபவரின் எடையும் விசையும் மட்டுமே.

“அப்போ பெண்களுக்குன்னு தனியா எதுவுமே வேண்டாமா?” என்று கேட்கலாம். வேண்டும், இப்போதிருப்பதைவிட அதிகமாகவே வேண்டும். நான் சண்டை போடுவது குறைத்துக் கொடுப்பதோடு. ஸ்கூட்டியில் உருப்படியான ஒரு வேலை நடந்தது: குறைந்த பலத்தில் மெயின் ஸ்டாண்ட் போடும் அமைப்பு. அது நெம்புகோல் கணக்கு, நிஜமான வடிவமைப்பு. அதே கம்பெனியின் ஜூப்பிட்டரிலும் அது இருக்கிறது. முதுகுவலிக்கார மாமாக்களும் அதில்தான் ஸ்டாண்ட் போடுகிறார்கள். பெண் உடலை ஒழுங்காக அளந்து செய்த பொருள் ஊருக்கே உதவும். பெண் என்ற சொல்லை மட்டும் ஒட்டிய பொருள் யாருக்கும் முழுதாக உதவாது.

செருப்பைக்கூட எண் பார்த்துத்தான் வாங்குகிறோம். எண்பதாயிரம், ஒரு லட்சம் கொடுத்து வாங்கும் வண்டிக்கு ஏன் ஒரே அளவு? இரண்டு இருக்கை உயரங்கள், விரலுக்கேற்ப நகர்த்தக்கூடிய பிரேக் லிவர், எடை குறைவாக ஆனால் பெரிய சக்கரத்தோடு ஒரு மாடல். இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. 2018-இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு டூ-வீலர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. அப்படி மானியம் கொடுக்கும் அரசு அளவையும் கேட்கலாம்: 150 செ.மீ. உயரமுள்ளவர், இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி இந்த வண்டியை நிறுத்த முடியுமா? முடியும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் மானியம், இல்லையென்றால் இல்லை. கலரை அதற்கப்புறம் அக்காவே பார்த்துக்கொள்வாள்.