யார் வீட்டுப் பிள்ளை?

ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படம் 1977-ல் வெளிவந்தது. நாயகர்கள் ஏறிய விண்கலம் பளபளக்கவில்லை. லோகோ ஷெட்டில் நிற்கும் பழைய என்ஜின் போல அழுக்கும் ஒட்டுவேலையுமாக இருந்தது. விளக்கம் இன்றியே ரசிகர்கள் அந்த உலகத்தை நம்பினர்.

‘ஃபோர்ஸ்’ என்னும் சக்தியும் அப்படித்தான். 1999-ல் வந்த படம் ரத்தத்தைச் சோதித்து, நுண்ணுயிர்க் கணக்கால் அதை அளந்தது. பலர் முகம் சுளித்தனர்.

2017-ல் ‘தி லாஸ்ட் ஜெடை’ படம், வீராங்கனை ரேயின் பெற்றோர் குடிக்காசுக்கு மகளை விற்ற அநாமதேயங்கள் என்றது. சிலருக்கு ஏமாற்றம்; பலருக்கு மகிழ்ச்சி. 2019-ல் ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ அவளைப் பேரரசன் பால்படீனின் பேத்தியாக்கிவிட்டது.

1980-லேயே வில்லன்தான் நாயகனின் தந்தை என்று வந்ததே, இது குடும்பக் கதைதானே என்கின்றனர் எதிர்த்தரப்பினர். உண்மைதான். ஆனால் அந்தத் திருப்பம் கதையை விரித்தது. இதுவோ, எவருக்கும் திறந்திருந்த கதவை அடைத்துவிட்டது.

ரசிகர்களின் மனக்குறை நியாயமானதே. கொட்டகையில் டிக்கெட் வாங்கும் கூட்டத்தில் பேரரசன் பேத்திகள் எத்தனை பேர்?