வெயிலைச் சேமிக்கும் தொட்டி

சூரிய சக்தியை வீட்டில் சேமிப்பது எவ்வாறு என்ற கேள்வி எழும்போதெல்லாம் பாட்டரிகளைப் பற்றியே பேச்சு நடக்கிறது. கீழப்பாவூரைப் போன்ற ஊர்களிலுள்ள நம் தாய்மார்களோ, முற்றத்து அண்டாவில் நீர் நிரப்பி வெயிலில் வைத்துக் குழந்தைகளைக் குளிப்பாட்டி வந்தவர்கள். இவ்வெளிய வழக்கத்தில் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது.

100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்ற ஏறக்குறைய 4 யூனிட் சக்தி வேண்டும். வீடுகளில் உபயோகிக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி கொள்வதோ 1.8 யூனிட்டே. எனவே, வெப்பம் வெளியேறாதபடி உறையிட்ட ஒரு தொட்டி, இரண்டு பாட்டரிகளுக்கு மேற்பட்ட சக்தியை இரவெல்லாம் காத்து வைக்கிறது. வெந்நீர் விளக்கெரிக்காது என்பது மெய்யே. ஆனால் குளிப்பதற்கு வேண்டுவது உஷ்ணந்தானே! அதனை மின்சாரமாக்கிப் பின்னர் மறுபடியும் உஷ்ணமாக்குவது, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும். வெயிலில்லாத அதிகாலையில் வீடுதோறும் 2 கிலோவாட் ஹீட்டர் எரியுமானால், அச்சுமையைத் தாங்க வேண்டியது மின்சார வாரியமேயன்றோ?

இதனை இந்திய சர்க்கார் அறியாமலில்லை. 2010-ல் ஆரம்பித்த தேசிய சூரிய சக்தித் திட்டம், 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் வெப்பத் தகடுகளை அமைப்பதென இலக்கு வகுத்தது. ஆயினும் 2014-ல் வெந்நீர்ச் சாதனங்களுக்கான மானியம் நிறுத்தப்பட்டது. 2024-ல் தொடங்கிய கூரை மின்சாரத் திட்டத்திலோ 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பது நியாயமாகுமா? இஸ்ரேல் தேசம் 1980 முதலே புதிய வீடுகளில் இச்சாதனத்தைச் சட்டத்தினால் கட்டாயமாக்கியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

குற்றாலச் சாரல் மேகங்கள் சூரியனை மறைக்கும் ஆனி, ஆடி மாதங்களில் என் செய்வதெனச் சிலர் கேட்கலாம். அந்நாட்களில் விறகோ மின்சாரமோ துணைக்கு வரட்டும். உப்பு நீரினால் குழாய்களில் படிவு ஏற்படுவதும் உண்மையே. காலந்தோறும் சுத்தம் செய்தால் அதுவும் நீங்கும். சில மாதத் தடையைக் காட்டி ஆண்டு முழுவதற்கும் வழியை அடைப்பது விவேகமாகாது.

மின்சாரத் தகட்டுக்குக் கைப்பணம் போட வல்லவருக்கே இன்று சர்க்காரின் உதவி எட்டுகிறது. விறகுப் புகையில் கண் கலங்கும் கூலிக் குடும்பத்திற்கு அது எட்டவில்லை. மிச்சமாகும் யூனிட்டைக் கணக்கிட்டு வெந்நீர்த் தொட்டிக்கும் மானியம் வழங்குக. கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் எளிய தவணையில் கடன் அளித்திடுக. இதனைக் கிராமந்தோறும் வற்புறுத்துவது தேசத் தொண்டர்களின் கடமையென்பதே நமது அபிப்பிராயம்.