பதில் வந்தது, காணி வரவில்லை



மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில் இருக்கிறது பாப்பாமோட்டை. தேயிலைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் பாட்டன் பூட்டன்மார் கடல் தாண்டி இறங்கியது இந்த மன்னார்க் கரையில்தான். இங்கிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி ஒரு நடைபயணம் போனது. இடையில் 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு மலையிலிருந்து வன்னிக்கு இறங்கி வந்தவர்களும் நம் ஆட்கள்தான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்ட பின், இடம் மாற வேண்டியவர்களுக்கு வடக்கில் காணி கொடுக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆகவே, அரசின் குறையை ஒரு விசாரணை எடுத்துச் சொன்னால் அரசு எப்படிப் பதில் சொல்லும் என்று வடக்கு பட்டறிந்த பாடம் மலைக்கும் வேண்டும்.

யுத்தம் முடிந்த மறு வருடம், 2010 மே மாதம், ஜனாதிபதி ஓர் ஆணைக்குழுவை அமைத்தார். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு என்று பெயர். 2011 ஜனவரியில் அது மன்னாருக்கும் வந்தது. வன்னியில் இருந்தவர்களில் 146,679 பேருக்கு என்ன ஆனது என்று அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அதனிடம் கணக்குக் கேட்டார். 2011 டிசம்பரில் அறிக்கை வெளியானது. அரசே அமைத்த ஆணைக்குழுதான்; ஆனாலும் சில இடங்களில் அரசைக் குறை சொல்லியே எழுதியது. பாதுகாப்புக்காகப் பிடித்து வைத்திருக்கும் தனியார் காணிகளை மீளாய்வு செய்து விடுவிக்க வேண்டும் என்றது. 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதப்பட்ட தேசிய காணி ஆணைக்குழுவை அமைக்க வேண்டும் என்றது. சட்டத்தில் எழுதி 24 வருடம் கழித்தும் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

2012 ஜூலையில் பதில் வந்தது. ஜனாதிபதியின் செயலாளர் தலைமையில் ஒரு செயற்குழு, தேசிய செயற்றிட்டம், பெரிய அட்டவணை. பரிந்துரை ஒரு பக்கம், செய்யப்போகும் வேலை ஒரு பக்கம், பொறுப்பான நிறுவனம், காலக்கெடு எல்லாம் வரிசையாக இருந்தன. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் குறை சொல்லப்பட்டவரிடமே பல இடங்களில் பதில் சொல்லும் வேலையும் போனது. படையினர் மீதான முறைப்பாட்டை விசாரிக்கும் வேலை படையிடமே போனது. துரை மீது சொன்ன முறைப்பாட்டைத் துரையே விசாரித்தால் எப்படி இருக்கும் என்று தோட்டத்து ஆளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முசலிப் பக்கம் முள்ளிக்குளம் என்று ஓர் ஊர். 2007இல் சனம் வெளியேற்றப்பட்டது. பின் ஊரில் கடற்படை முகாம் வந்தது. 2017 மார்ச்சில் அந்த மக்கள் வீதியோரம் உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் எழும்பவில்லை. ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை ஒத்துக்கொண்டது. செயற்றிட்டம் வந்து ஐந்து வருடம் ஆகியும் நடக்காதது, சனம் உட்கார்ந்த பிறகு நடந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பிறகு ஏன் சனம் அங்கேயே இருந்தது என்ற கேள்விக்கு வந்த பதில்: "போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை." எங்கே போவது? லயம் கம்பனி கையில், நிலம் அரசின் கையில், தொழிலாளி கையில் ஒரு பேர்ச் காணி கிடையாது. போகச் சொன்ன கடிதத்தோடு போக ஓர் இடமும் கொடுத்திருந்தால் அது எச்சரிக்கை. இடம் கொடுக்காமல் போகச் சொன்னால், பின்னாளில் பழியைத் தொழிலாளி மேல் போட எழுதி வைத்த காகிதம் அது. உயிர் போன பிறகுதான் 75 வீடுகள் கட்டினார்கள், 2016இல் கையளித்தார்கள்.

அட்டவணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரும் திகதியும் போட்ட அட்டவணை நமக்கு நல்லது. அந்தத் திகதி கடந்த மறுநாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு பதிலிலும் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த அதிகாரி, எந்தத் திகதிக்குள், யார் பெயரில் உறுதி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதைப் பதில் என்று ஏற்கக் கூடாது.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே ஒரு வேலை செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரிவைப் பற்றிய மண்சரிவு அறிக்கையின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அந்த அறிக்கை வந்தபின் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்றும் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பாதுகாப்பான இடம், 7 பேர்ச் காணி, பெண் பெயரிலும் உறுதி என்று சங்கம் கேட்கும்போது அந்தக் காகிதம் கையில் இருக்கட்டும்.

வடக்குக்கு வர விரும்புகிறவர்கள் தாராளமாக வாருங்கள், இது உங்கள் பாட்டன் கால் வைத்த மண். ஆனால் உறுதி கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். முன்பு வந்தவர்களில் பலர் காடு வெட்டி, கிணறு தோண்டி, பிள்ளை பெற்று, பல வருடம் காணிப் பத்திரம் இல்லாமலே கிடந்தார்கள். காணிப் பத்திரம் இல்லாத குடிசை, மலையில் இருந்தாலும் வன்னியில் இருந்தாலும், லயத்துக் காம்பராதான். மலையிலேயே இருக்க விரும்புகிறவர்களை வடக்கைக் காட்டி யாரும் தள்ளிவிடவும் கூடாது. அங்கே பாதுகாப்பான காணி கொடுக்கும் கடமை அதனால் தீர்ந்துவிடாது.