ஆர்டர் இல்லாமல் ராக்கெட் இல்லை

"அமெரிக்காவில் எலான் மஸ்க் அரசை நம்பியா ராக்கெட் விட்டார்? இங்கேயும் அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும். போட்டி வரும், விலை இறங்கும், அம்பத்தூர் பட்டறைகளுக்கு வேலை தானாக வரும்." விண்வெளித் துறை 2020-இல் தனியாருக்குத் திறக்கப்பட்டதிலிருந்து தொழில்துறை மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் மறுபேச்சின்றி ஏற்கப்பட்டுவரும் வாதம் இது. இதை நம்பிக் கடன் வாங்கி இயந்திரம் போடப்போகிறவர்கள் சென்னைப் புறநகர்களான பட்டரவாக்கத்திலும் திருமழிசையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இதை ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மஸ்க் கதை. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகத் தனியார் நிறுவனங்களை நாசா அழைத்தது 2006 ஜனவரியில். ஆகஸ்டில் ஸ்பேஸ்எக்ஸ், ராக்கெட்பிளேன் கிஸ்லர் இரண்டும் தேர்வாயின. ஸ்பேஸ்எக்ஸுக்கு ஒதுக்கியது 27.8 கோடி டாலர். அதை மொத்தமாகக் கையில் கொடுக்கவில்லை. இன்ன கட்டத்தை முடித்தால் இன்ன தொகை என்று பிரித்துக் கொடுத்தார்கள். தன் பங்கு முதலீட்டைத் திரட்ட முடியாத கிஸ்லரின் ஒப்பந்தத்தை 2007-இல் ரத்து செய்து, அடுத்த ஆண்டு ஆர்பிட்டல் சயின்சஸைச் சேர்த்துக்கொண்டார்கள். இதற்கிடையே ஸ்பேஸ்எக்ஸின் முதல் மூன்று ஃபால்கன்-1 ராக்கெட்டுகளும் தோற்றுப்போயின. நான்காவது, 2008 செப்டம்பர் 28 அன்று சுற்றுப்பாதையை எட்டியபோது கையிருப்பு ஏறக்குறையக் காலி. அந்த டிசம்பர் 23 அன்று 12 சரக்குப் பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஆர்டரை நாசா கொடுத்தது. நிறுவனம் பிழைத்தது அதனால்தான் என்று மஸ்க்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தனியார் சிக்கனமாகச் செய்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஃபால்கன்-9 ராக்கெட்டைத் தன் வழக்கமான முறையில் உருவாக்கியிருந்தால் ஏறக்குறைய 400 கோடி டாலர் ஆகியிருக்கும் என்று நாசாவே 2011-இல் கணக்குப் போட்டது. ஸ்பேஸ்எக்ஸ் செலவழித்தது சுமார் 30 கோடி. ஆனால் அந்தச் சிக்கனம் அரசு விலகி நின்றதால் வந்ததல்ல. விலையை முன்பே பேசி முடித்து, வேலை முடிந்தால் பணம் என்று சொல்லி, முதல் வாடிக்கையாளராக அரசே வந்து நின்றதால் வந்தது.

அடுத்தது, இந்தியாவிலும் கதவு திறந்தாகிவிட்டது, போட்டியும் தொடங்கிவிட்டது என்பது. கதவு திறந்தது உண்மை. 2020-இல் தனியாருக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் அமைப்பு, 2023-இல் விண்வெளிக் கொள்கை, 2024-இல் ராக்கெட் நிறுவனங்களில் 49 சதவீதம் வரை நேரடி அந்நிய முதலீட்டுக்குத் தானியங்கி அனுமதி, அதே ஆண்டு 1,000 கோடி ரூபாய் துணிகர முதலீட்டு நிதி. எல்லாமே தேவையானவை. ஆனால் பணம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். 500 கிலோ வரை சுமக்கும் இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் தொழில்நுட்பத்தைப் பெற 2025 ஜூனில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 511 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. தோற்ற அணிகளில் ஒன்றில் சென்னையின் அக்னிகுல் நிறுவனமும் இருந்தது. அமெரிக்காவில் சரக்கை ஏற்றிச்செல்ல அரசு கம்பெனிக்குப் பணம் கொடுத்தது; இங்கே தொழில்நுட்பத்துக்காக அரசுக்கு யார் அதிகம் கொடுப்பது என்று கம்பெனிகள் போட்டியிட்டன. செயற்கைக்கோள் அனுப்ப ஆள் பிடிப்பது வென்றவர் பாடு. 2022-இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் – எல் அண்ட் டி கூட்டணிக்கு ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளுக்காகக் கிடைத்த 860 கோடி ரூபாய் நிஜமான ஆர்டர்தான். ஆனால் அது இஸ்ரோவின் வரைபடத்தை வைத்துச் செய்துகொடுக்கும் வேலை.

சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. அடுத்த கட்டமான சுற்றுப்பாதைக்குப் போக அவர்களுக்கு எஞ்சினைப் போலவே இன்னொன்றும் தேவை: இன்ன தேதிக்குள் இத்தனை கிலோ கொண்டுபோனால் இவ்வளவு தருகிறோம் என்று அரசு கையெழுத்திட்ட ஒரு தாள்.

விலை இறங்குவதைப் பற்றி அம்பத்தூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை தரும் எல்-1 டெண்டரில் அடக்க விலைக்கும் கீழே போட்டு, வேலையை எடுத்து, நட்டத்தில் முழுகியவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நாசா 2008-இல் எல்-1 பார்க்கவில்லை. ஸ்பேஸ்எக்ஸுக்கு 12 பயணத்துக்கு 160 கோடி டாலர் என்றால் ஆர்பிட்டலுக்கு 8 பயணத்துக்கே 190 கோடி. அதிக விலை சொன்னவரையும் ஏன் வைத்துக்கொண்டார்கள்? 2014 அக்டோபரில் ஆர்பிட்டலின் அன்டாரெஸ் ராக்கெட் ஏவிய சில நொடிகளில் வெடித்தது. ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் விண்கலம் சரக்கைத் தொடர்ந்து கொண்டுபோனது. 2015 ஜூனில் ஃபால்கன்-9 நடுவானில் சிதறியது. அந்த டிசம்பரில் ஆர்பிட்டலின் சிக்னஸ் சரக்குக் கலம், அட்லஸ்-5 என்ற வேறொரு ராக்கெட்டில் ஏறிப் போய்ச் சேர்ந்தது. ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் இரண்டில் ஒரு முறை சரக்கு வரத்து தடுமாறியிருக்கும்.

வேலை தானாக வரும் என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் வரி. இந்த வட்டாரத்தில் வேலை எப்போது தானாக வந்தது? ஆவடியில் 1961-இல் அரசு கனரக வாகனத் தொழிற்சாலையை அமைத்தது. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அரசு நிலம் எடுத்து, மனை பிரித்து, 1960-களில் உருவாக்கியதுதான். 2021-இல் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்கு வந்தபோது, 200-க்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்களுக்கு அதனால் வேலை கிடைக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. சிறு பட்டறைக்கு வேலை இப்படித்தான் வருகிறது.

ராக்கெட் பாகம் என்றால் இன்னும் கடினம். டைட்டானியத்தையும் இன்கோனல் உலோகக் கலவையையும் கடையும் டூல் சீக்கிரம் தேயும். விமான, விண்வெளித் துறைத் தரத்துக்கான ஏ.எஸ். 9100 சான்றிதழ் வாங்க வேண்டும், அளவு பார்க்க சி.எம்.எம். இயந்திரம் வேண்டும். முதல் பாகம் தேர்வாகும்வரை பில் போட முடியாது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறை இதையெல்லாம் நம்பிக்கையை மட்டும் வைத்துச் செய்யாது. பர்ச்சேஸ் ஆர்டரைக் காட்டாமல் வங்கியும் கடன் தராது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் 2006-லிருந்து இருக்கிறது. ஆனால் பெரிய கம்பெனியைப் பகைத்துக்கொள்ளப் பயந்து வழக்குக்குப் போகாதவர்களே அதிகம். அரசின் ஏவுதல் ஒப்பந்தத்திலேயே, கீழே பாகம் செய்தவருக்குப் பணம் போனதைக் காட்டினால்தான் அடுத்த தவணை என்று ஒரு விதி எழுத வேண்டும்.

இதெல்லாம் மக்கள் பணத்தைத் தனியாருக்குத் தாரைவார்ப்பது என்று எதிர்ப்பக்கத்தில் சொல்பவர்களுக்கு ஒரே பதில்: கட்டம் முடியாவிட்டால் பணம் கிடையாது. கிஸ்லருக்கு நடந்தது அதுதான்.

வாங்குவதற்கு அரசிடம் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற கண்காணிப்புத் திட்டத்தில் 52 செயற்கைக்கோள்கள். அவற்றில் 31-ஐத் தனியார் செய்யப்போகிறார்கள். 2035-க்குள் இந்தியாவுக்குச் சொந்த விண்வெளி நிலையம் என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே தங்குபவர்களுக்கு உணவும் தண்ணீரும் கருவிகளும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாசா அழைத்ததிலிருந்து டிராகன் நிலையத்தைத் தொட்ட 2012 மே வரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கணக்கில் 2035-லிருந்து பின்னோக்கி எண்ணினால், இரண்டு நிறுவனங்களுக்காவது இடம் வைத்த சரக்கு ஒப்பந்த அழைப்பு 2028 முடிவதற்குள் வெளிவர வேண்டும்.