கதவை மூடினால் கடிகாரத்தையும் நிறுத்துங்கள்

2022 ஏப்ரல் முதல் தேதி நாட்டின் எல்லை திறந்தபோது எங்கள் ஆறாம் படிவ வகுப்பின் வாட்ஸ்அப் குழு தூங்கவே இல்லை. ஜோகூர் பாலத்தில் நள்ளிரவில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகக் கடக்கும் காணொளியை ஆளாளுக்கு அனுப்பினார்கள். பள்ளி விடுமுறைக்கு ஹட்யாய் போகலாமா, சிங்கப்பூர் போகலாமா என்று ஒரு விவாதமே நடந்தது. நானும் சிரித்த முகங்களை அனுப்பினேன்.

அந்தக் காணொளியை அம்மாவிடம் காட்டினேன். பாதி பார்த்துவிட்டு எழுந்து போனார். அலமாரியைத் திறந்து தம் கடப்பிதழை எடுத்தார். பாஸ் ஒட்டியிருக்கும் பக்கத்தைப் புரட்டி, தேதியைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துவிட்டார். வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்கிறார். ஏன் செய்கிறார் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் அம்மா புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கம் பிறந்தவர். கிள்ளானில் பிறந்த அப்பாவை மணந்து 2001-இல் இங்கு வந்தார். நானும் தம்பியும் மலேசியக் குடிமக்கள். அம்மா இந்தியக் கடப்பிதழோடு, மலேசியரின் மனைவி என்ற முறையில் கிடைக்கும் நீண்டகால சமூக வருகை பாஸில் இருக்கிறார். இந்தப் பக்கத்தைப் படிக்கும் பல மாணவர்களின் வீட்டிலும் இப்படி ஒரு அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு விண்ணப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். “பாஸ்தான் இருக்கே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அதில் எங்கள் குடும்பத்தின் தவறும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை.

2020 பிப்ரவரியில் தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அம்மா ஊருக்குப் போனார். மார்ச் முதல் வாரத்தில் தாத்தா இறந்தார். காரியங்கள் முடிந்து மார்ச் 20-ஆம் தேதி திரும்புவதற்கு டிக்கெட் இருந்தது. மார்ச் 17-ஆம் தேதி, மலேசியாவிலிருந்து வரும் பயணிகளுக்கு இந்தியா தடை போட்டது. மறுநாள் இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, வெளிநாட்டவர் நுழைவு நின்றது. அந்த வாரம் முடிவதற்குள் இந்தியாவின் அனைத்துலகப் பயணிகள் விமானங்களும் நின்றன. அப்பா அங்கே போக முடியாது, அம்மா இங்கே வர முடியாது.

தமிழ்நாட்டில் சிக்கிக்கொண்ட மலேசியர்களை அழைத்துவரச் சிறப்பு விமானங்கள் போயின. அதில் எங்கள் தாமானைச் சேர்ந்த ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. அவர்கள் சுற்றுலா போய்ச் சிக்கியவர்கள். 18 ஆண்டுகளுக்கு மேல் கிள்ளானில் சமைத்து, வரிசையில் நின்று, எங்கள் பள்ளிக் கூட்டங்களுக்கு வந்த அம்மாவுக்கு அந்த விமானத்தில் இடமில்லை. விமானம் குடிமக்களுக்கானது. அதை அப்போது நான் அநியாயம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒரு பெருந்தொற்றின் முதல் மாதத்தில் ஒரு நாடு தன் குடிமக்களை முதலில் அழைப்பது நியாயம்தான். எல்லையை மூடியதையும் நான் எதிர்க்கவில்லை. அந்த நேரத்தில் மருத்துவமனைகளைக் காப்பாற்ற வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் வாதம் அடுத்து நடந்ததைப் பற்றியது.

அம்மாவின் பாஸ் 2020 ஜூன் மாதம் காலாவதியாக இருந்தது. சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதியை அம்மாவே ஊருக்குப் போகும் முன் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். நாங்கள் அந்த வட்டத்தைப் பார்த்தபடியே ஏப்ரலையும் மே மாதத்தையும் கடத்தினோம். ஜூன் வந்தது. வட்டமும் கடந்து போனது.

கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்ததும் அப்பா தம் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பாஸைப் புதுப்பிக்கப் போனார். பாஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் மனைவி நேரில் வர வேண்டும் என்று பதில் வந்தது. மனைவி நேரில் வர வேண்டுமென்றால் செல்லத்தக்க பாஸ் இருக்க வேண்டும். முகப்பில் இருந்தவர் கடுமையாகப் பேசவில்லை என்று அப்பா சொன்னார். அந்த மனிதரிடம் இருந்த படிவத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான். அப்பா வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சாலை வரியும் ஓட்டுநர் உரிமமும் காலாவதியானவர்களுக்கு அரசாங்கம் அவகாசம் கொடுத்தது. காப்புறுதி இருந்தால் போதும், புதுப்பிக்கப் பின்னர் வரலாம் என்றார்கள். நாட்டுக்குள் இருந்த வெளிநாட்டவர்களுக்கும் அப்படியே. கட்டுப்பாட்டுக் காலத்தில் பாஸ் முடிந்துபோனால் குற்றமாகக் கருதப்படாது, கட்டுப்பாடு முடிந்தபின் வந்து புதுப்பிக்கலாம் என்று சலுகை அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவு. அலுவலகம் மூடியிருக்கும்போது ‘ஏன் வரவில்லை’ என்று யாரையும் கேட்க முடியாது என்பதைப் புரிந்துகொண்டு எடுத்த முடிவு.

அதே நியாயம் எல்லைக்கு வெளியே மாட்டிக்கொண்டவருக்கும் பொருந்தும் அல்லவா? உள்ளே இருந்தவருக்கு அலுவலகக் கதவு மூடியிருந்தது. வெளியே இருந்தவருக்கு நாட்டின் கதவே மூடியிருந்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த அவகாசம் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். ஒருவர் இன்று நாட்டுக்குள் நுழையலாமா என்பது சுகாதாரம் சார்ந்த கேள்வி. அதற்கு ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்ல அரசாங்கத்துக்கு முழு உரிமை உண்டு. அவர் இந்த நாட்டில் வாழும் தகுதி உடையவரா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் கிருமியால் மாறுவதில்லை. அம்மா மார்ச் மாதத்தில் யாருடைய மனைவியோ, ஜூன் மாதத்திலும் அவருடைய மனைவிதான். நுழைவை நிறுத்தி வைத்தவர்கள், தாளில் இருந்த தேதியையும் கூடவே நிறுத்தி வைத்திருந்தால் போதும்.

இது மலேசியாவில் மட்டும் நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். கனடா 2020 மார்ச் 18-இல் எல்லையை மூடியபோது, அதற்குப் பிறகு நிரந்தர வசிப்பிட உறுதிக் கடிதம் பெற்றவர்களில் பலர் பயணம் செய்ய முடியாமல் நின்றார்கள். அந்தக் கடிதத்தின் காலம் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையையோ கடப்பிதழையோ ஒட்டியது. காத்திருக்கும்போதே பலருக்கு அது காலாவதியானது. 2021 ஜூன் 21-இல் செல்லத்தக்க கடிதம் உள்ளவர்களுக்குக் கதவு திறந்தது. காலாவதியானவர்கள் மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. வேலையை விட்டு, வீட்டை விற்றுப் பெட்டியோடு தயாராக இருந்தவர்கள் அவர்கள். பிரிட்டன் இதில் கொஞ்சம் யோசித்தது. அப்போது அங்கே படிக்கவும் வேலை செய்யவும் போனவர்களுக்குக் கடப்பிதழில் ஒட்டித் தந்த நுழைவு விசா 30 நாள்தான் செல்லுபடியானது. பெருந்தொற்றால் பயணம் தடைப்பட்டு அது காலாவதியானவர்கள் புதிய தேதியோடு இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்று 2020 இறுதி வரை அனுமதித்தார்கள். ஆக, இது செய்ய முடியாத காரியமில்லை.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றால், நான் கடிதம் எழுதினேன். அப்பாவின் மலாய் பேச்சுக்குப் போதும், மேல்முறையீட்டுக் கடிதத்துக்குப் போதாது. அப்போது நான் ஐந்தாம் படிவம். பஹாசா மலேசியா பாடத்தில் ‘சூராட் கிரிமான் ரஸ்மி’ எப்படி எழுதுவது என்று ஆசிரியர் இயங்கலையில் நடத்திக்கொண்டிருந்தார். அனுப்புநர் முகவரி இடப்பக்கம், கீழே ஒரு கோடு, பிறகு பெறுநர், தலைப்பு தடித்த எழுத்தில். நாமெல்லாம் மனப்பாடம் செய்த அதே அமைப்புதான். குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று பயிற்சிக்குப் புகார் எழுதிய கையால், என் அம்மாவை வீட்டுக்கு வரவிடுங்கள் என்று எழுதினேன். மூன்று முறை எழுதினேன். முதல் கடிதத்தில் அழுகை நிறைய இருந்தது. மூன்றாவதில் தேதிகளும் ஆவண எண்களும் மட்டுமே இருந்தன. எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியும்.

இடையில், 2020 செப்டம்பர் 7 முதல் இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் குடிமக்களுக்கு, நீண்டகால அனுமதி இருந்தாலும் நுழைவு இல்லை என்று புதிய தடை வந்தது. மலேசியர்களின் கணவன் மனைவியரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பின்னர் முன் அனுமதியோடு வரலாம் என்று தளர்த்தினார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் தம்பி, “அம்மா இப்ப வரலாமா அக்கா?” என்று கேட்பான். அவன் அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. இல்லிருப்புக் கற்றலுக்கு அப்பாவின் கைப்பேசி ஒன்றுதான். பகலில் அவனுக்கு, இரவில் எனக்கு. அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து சோறு வடிப்பார். அம்மா தினமும் காணொளி அழைப்பில் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று சொல்வார். தம்பி சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு, அவன் திரைக்கு வந்ததும் பேச முடியாமல் கைப்பேசியை அம்மாயியிடம் கொடுத்துவிடுவார்.

தள்ளிப்போன எஸ்.பி.எம். தேர்வை 2021 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எழுதினேன். அம்மாவுக்கு நுழைவு அனுமதி அந்தச் சமயத்தில்தான் வந்தது. ஒரே முறை நுழையும் விசா, பரிசோதனை, திருச்சியிலிருந்து சிறப்பு விமானம், இங்கே வந்ததும் தனிமைப்படுத்தும் விடுதி. விடுதிக்கு நாளொன்றுக்கு 150 ரிங்கிட். ஏப்ரல் நடுவில் வந்து சேர்ந்தார். அதே மாதம் 28-ஆம் தேதி இந்தியாவிலிருந்து வரும் விமானங்களுக்கும் பயணிகளுக்கும் முழுத் தடை வந்தது. எங்களுக்கு இரண்டு வாரம் மிச்சம் இருந்தது. அந்த இரண்டு வாரம் இல்லாத குடும்பங்களை நான் அடிக்கடி நினைக்கிறேன்.

கடப்பிதழில் ஐந்தாண்டு பாஸ் வைத்திருந்தவர் இப்போது ஓராண்டு பாஸில் இருக்கிறார். பழையது முடிந்துபோனதால் இது புது விண்ணப்பமாம். 20 ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு, நேற்றுத் திருமணமானவரைப் போல அம்மாவும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே சந்தித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொன்னார்கள். அப்பா வெட்கப்பட்டார் என்று அம்மா சொல்லிச் சிரித்தார். அந்த ஒரு நாள்தான் இந்தக் கதையில் சிரிப்பு.

போலித் திருமணங்கள் உண்டு, ஆளைப் பார்க்காமல் எப்படிப் பாஸை நீட்டிப்பது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்க்காமல் நிரந்தரமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. எல்லை மூடிய நாளில் செல்லத்தக்கதாக இருந்த பாஸ், எல்லை அவருக்குத் திறந்து 90 நாள் வரை உயிரோடு இருக்கட்டும். வந்ததும் நேரில் அழைத்து எல்லாவற்றையும் சரிபார்க்கட்டும். அம்மாவின் கைரேகையும் இத்தனை ஆண்டுப் பதிவுகளும் இங்கேதானே இருக்கின்றன. தூதரகத்தில் ஆளை நேரில் பார்க்கும் ஏற்பாடு செய்தாலும் சரி. இப்போது எல்லை திறந்துவிட்டது, இனி இதைப் பற்றி எதற்கு என்பார்கள். அவசரம் இல்லாத நேரத்தில்தான் இதை எழுதி வைக்க முடியும். அவசரம் வந்தபின் முகப்பில் இருப்பவர் கையில் இருக்கும் படிவத்தில் கட்டம் இருக்காது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் அம்மா அப்பாவின் கடப்பிதழை எடுத்து இரண்டு தேதிகளையும் பாருங்கள், கடப்பிதழின் தேதி, பாஸின் தேதி. எல்லா ஆவணங்களையும் படமெடுத்து நீங்கள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் திருமணச் சான்றிதழ் கிள்ளானில் இருந்தது, பிரதி கேட்டது அறந்தாங்கியில். தபால் ஓடவில்லை. நிரந்தர வசிப்பிடத்துக்குத் தகுதி இருந்தால் அப்பாக்களைத் தூங்கவிடாதீர்கள். எங்கள் அப்பாவின் விண்ணப்பப் படிவத்தை நான்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாயிக்கு அடுத்த மாதம் கண்ணில் அறுவை சிகிச்சை. மாமா அழைத்துச் சொன்னார். விமானம் ஓடுகிறது, எல்லை திறந்திருக்கிறது, டிக்கெட் விலையும் பரவாயில்லை. “போயிட்டு வாங்கம்மா, பத்து நாள்தானே” என்று நானும் அப்பாவும் சொல்லிப் பார்த்தோம். அம்மாவின் பாஸ் ஜூன் மாதம் முடிகிறது. “புதுப்பிச்சிட்டுப் போறேன் கண்ணு” என்று சொல்லிவிட்டு, இந்த ஆண்டு நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி, சிவப்புப் பேனாவைத் தேடினார்.