காய்ச்சலுக்குச் சாட்சி கேட்கும் நிறுவனங்கள்

இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்துறங்கிய 2025 டிசம்பர் முதல் வாரத்தில், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அவசர அவசரமாக ஒரு நிபந்தனையை விலக்கிக் கொண்டது. விமானிகளின் வாராந்திர ஓய்வை விடுப்பைக் கொண்டு ஈடுகட்டக் கூடாது என்பதே அந்த நிபந்தனை. வாரத்திற்கு 48 மணி நேரத் தொடர் ஓய்வு என்ற விதி 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம் இருந்தும் போதிய விமானிகளை நியமிக்காதது நிறுவனம். தண்டனையோ விமானிகளுக்கு! காய்ச்சலில் படுத்துக்கிடந்த நாளையும் ஓய்வு நாளாக எழுதிக்கொள்ள வழி திறந்துவிடப்பட்டது.

விமானிகளின் மருத்துவ விடுப்பு குறித்து ஓயாமல் எழும் தகராறுகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். உடல்நலமில்லை என்று விமானி தெரிவித்தவுடன், அது உண்மைதானா என்று சரிபார்க்கும் அதிகாரம் தமக்கு வேண்டும் என்கின்றன நிறுவனங்கள். ஒரு நாள் விடுப்புக்கும் சான்றிதழ், நிறுவனம் நியமித்த மருத்துவரின் பரிசோதனை, நம்ப மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை என்று அது நீள்கிறது.

மற்ற எந்தத் தொழிலிலும் மருத்துவ விடுப்பு தொழிலாளியின் உரிமை. விமானிக்கு அது கடமையும்கூட. உடல்தகுதி குறைந்திருப்பதை உணர்ந்த விமானி உரிமத்தைப் பயன்படுத்தி விமானம் ஓட்டக் கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் இணைப்பு கூறுகிறது. தரையில் சாதாரணமாகத் தெரியும் சளி, விமானம் இறங்கும்போது ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தால் காதிலும் நெற்றியிலும் தாங்கமுடியாத வலியாக மாறலாம். சளிக்கு உட்கொள்ளும் மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. தூக்கமின்மையையும் மனச்சோர்வையும் எந்த மருத்துவர் வீட்டுக்கு வந்து அளந்து பார்க்க முடியும்?

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் மாண்டனர். நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, அந்நிறுவனத்தில் 51 தலைமை விமானிகளும் 61 துணை விமானிகளும் உடல்நலக் குறைவைத் தெரிவித்தனர் என்று ஒன்றிய இணையமைச்சர் மக்களவையில் கூறினார். சக ஊழியர்களைச் சாம்பலாகக் கண்ட 112 பேரிடம் ‘உன் காய்ச்சலை நிரூபி’ என்று கேட்பது எவ்வளவு குரூரமானது!

கூட்டாக மருத்துவ விடுப்பு எடுப்பது போராட்ட வடிவமாகவும் பயன்பட்டிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் அமைத்ததற்காக இருவர் நீக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கானோர் இவ்வழியை நாடினர். 2012 மே மாதம் ஏர் இந்தியாவிலும் இதுவே நடந்தது. சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது, சுமார் நூறு விமானிகள் நீக்கப்பட்டனர், போராட்டம் 58 நாள் நீடித்தது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்கள் 25 பேர் நீக்கப்பட்டு, தில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் நடந்த பேச்சுவார்த்தையில் திரும்பப் பெறப்பட்டனர். நலமாக இருந்துகொண்டு நோயென்று எழுதிக் கொடுப்பதில் பெருமைப்பட ஏதுமில்லை. ஆனால் வெளிப்படையான வேலைநிறுத்தத்தின் கதவுகள் அடைக்கப்படும்போது தொழிலாளர்கள் பின்வாசலைத் தேடுகிறார்கள் என்பதே உண்மை.

அந்தக் கதவு இப்போது மேலும் இறுக்கப்பட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. ஒரே நாளில் 50 சதவீதத் தொழிலாளர்கள் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அதையும் வேலைநிறுத்தம் என்கிறது. தற்செயல் விடுப்பிலிருந்து மருத்துவ விடுப்புக்கு முதலாளிகள் கை நீட்ட அதிக நாள் ஆகாது. விமானிகள் வேலையை விட்டு விலகவும் சுதந்திரமில்லை. தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது 2017 முதல் டிஜிசிஏ விதி.

லட்சங்களில் ஊதியம் பெறும் விமானிகளுக்காகத் தொழிலாளர் இயக்கம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். அதே விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போய்விடுகிறது. உரிமமும் சங்கமும் உள்ள விமானியின் வாய்மொழியையே நம்ப மறுக்கும் நிர்வாகம், அந்தத் தொழிலாளியின் சொல்லைக் காதில்கூட வாங்காது. இந்த இரு பிரிவினரும் ஒரே மேசையில் அமர்ந்து பேரம் பேசும் நாள் இன்னும் தொலைவிலேயே இருக்கிறது. இதில் தொழிற்சங்கங்களுக்கும் பொறுப்புண்டு.

டிசம்பர் 5 அன்று விலக்கிய நிபந்தனையை டிஜிசிஏ உடனடியாக மீண்டும் அமலாக்க வேண்டும். சான்றிதழ் தேவைப்படும் இடங்களில், நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத மருத்துவரே அதை வழங்க வேண்டும். நோயின் விவரம் நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது. எத்தனை விமானிகள் எத்தனை நாள் மருத்துவ விடுப்பு எடுத்தனர், அதற்கு முந்தைய வாரங்களில் எத்தனை இரவுகள் பறந்தனர் என்ற கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடும்படி ஒன்றிய அரசு உத்தரவிடட்டும்.